எட்டில் ஒரு பங்கு

ஒரு சின்னக் கணக்கு. எட்டுப் பேர் சேர்ந்து ஒரு மனிதனைக் கொல்கிறார்கள். பாவத்தில் ஆளுக்கு எவ்வளவு பங்கு?

'எட்டில் ஒன்று' என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். நான் பி.காம். படித்தவன். வகுத்தல் கணக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால், எல்லாவற்றையும் வகுத்துவிட முடியாது என்று சொல்லிக் கொடுத்ததும் அதே பி.காம்.தான். அந்தப் பாடத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு பீரங்கியைப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

கோட்டை வாசலிலோ, மியூசியத்துப் புல்தரையிலோ பழைய பீரங்கியைப் பார்த்திருப்பீர்கள். குழந்தையைக் குதிரைமேல் ஏற்றுவதுபோல் ஏற்றி போட்டோகூட எடுத்திருப்பீர்கள். வாய் வழியாகவே மருந்தையும் குண்டையும் போட்டு இடித்துக் கெட்டிக்கிற ரகம். பின்பக்கம் திறக்காது. பின்கோடியில், மேலே, பென்சில்கூட நுழையாத ஒரு சின்னத் துளை இருக்கும். நெருப்பு போகிற வழி அதுதான். வெயிலில் சும்மா கிடப்பதைப் பார்த்தால், 'இதுவா அத்தனை பேரைக் கொன்றது?' என்று தோன்றும்.

சந்தேகமே வேண்டாம். இது தனியாக யாரையும் கொன்றதில்லை. தனி ஆளாக யாரும் இதை வைத்துக்கொண்டு சண்டை போட்டதும் இல்லை. அதுதான் விஷயமே!

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரை எடுத்துக்கொள்வோம். வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட அந்தப் போரில் இரண்டு தரப்புமே ஆசையாக வைத்திருந்த பீரங்கிக்குப் பெயர் 'நெப்போலியன்'. நாம் சரித்திரப் பாடத்தில் படித்த நெப்போலியன் இல்லை. அவருடைய தம்பி மகன், பிரான்ஸின் சக்கரவர்த்தியாக இருந்த மூன்றாம் நெப்போலியன். பிரெஞ்சுக்காரர்களின் வடிவத்தைப் பார்த்து அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட 1857-ம் வருட மாடல். வெண்கலக் குழாய் மட்டுமே 550 கிலோ. ஐந்தரை கிலோ இரும்புக் குண்டை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டருக்கு வீசும். ஆறு குதிரைகள் இழுத்துக்கொண்டு போகும். போய் நின்றதும் எட்டுப் பேர் வேலையை ஆரம்பிப்பார்கள்.

தலைவர் ஒருத்தர். குறி பார்ப்பதும், 'சுடு' என்று உத்தரவு போடுவதும் அவர். மற்ற ஏழு பேருக்கும் அங்கே பெயர் கிடையாது. நம்பர்தான்.

ஒன்றாம் நம்பர், நீளக் கழியின் முனையில் கட்டிய ஈர ஸ்பாஞ்சை விட்டுக் குழாயின் உட்புறத்தைத் துடைப்பார். போன குண்டின் நெருப்புப் பொறி ஒன்று உள்ளே மிச்சமிருந்தாலும் அடுத்த மருந்து அவர் கையோடு வெடித்துவிடும். இரண்டாம் நம்பர், மருந்துப் பையும் குண்டும் சேர்த்துக் கட்டிய பொட்டலத்தைப் பீரங்கி வாயில் வைப்பார். ஒன்றாம் நம்பர் அதை அடிவரை தள்ளி இடிப்பார். மூன்றாம் நம்பர், அத்தனை நேரமும் பின்துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு நிற்பார். காற்று புகுந்தால் பொறி கனன்றுவிடும், ஒன்றாம் நம்பரின் கைகள் போய்விடும். துளை சுடும் என்பதால் விரலுக்குத் தோல் உறை உண்டு. அப்புறம் ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டு மருந்துப் பையைக் குத்திக் கிழிப்பார். நான்காம் நம்பர், உரசினால் தீப்பற்றும் சின்னக் குழாய் ஒன்றைத் துளையில் செருகி, அதில் மாட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பார். ஐந்தாம் நம்பர், பின்னால் இருக்கும் மருந்துப் பெட்டிக்கும் பீரங்கிக்கும் இடையே பொட்டலம் சுமந்து ஓடுவார். ஆறும் ஏழும் பெட்டிக்காரர்கள். பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார்கள். காற்றில் வெடிக்கிற குண்டாக இருந்தால், எத்தனை விநாடியில் வெடிக்க வேண்டுமோ அதற்கேற்ப திரியைச் சரிசெய்து தருவதும் இவர்கள் வேலை.

தலைவர் குரல் கொடுப்பார். நான்காம் நம்பர் கயிற்றைச் சுண்டுவார். நன்றாகப் பழகிய குழு, குறி பார்த்தே நிமிஷத்துக்கு இரண்டு முறை சுடும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு ஞாபகம் வந்தே தீரும். ஆடம் ஸ்மித்தின் குண்டூசிக் கதை! 1776-ல் வந்த புத்தகத்தில் அவர் சொன்னது. குண்டூசி செய்வதைப் பதினெட்டு வேலைகளாகப் பிரித்துவிட்டால், பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு 48,000 ஊசி செய்துவிடலாம். தொழில் தெரியாத ஒருத்தன் தனியாக உட்கார்ந்தால் இருபது ஊசிகூடத் தேறாது. வேலையைப் பிரித்தால் உற்பத்தி பெருகும் என்பது பரீட்சைக்குப் படித்த பாடம். பரீட்சையில் வராத பாடம் ஒன்று உண்டு. வேலையைப் பிரித்தால் மனசாட்சியும் பிரிந்துபோகிறது.

அந்த எட்டுப் பேரையும் நிறுத்தி விசாரித்துப் பாருங்கள். "நான் துடைச்சேன் சார், அவ்வளவுதான்" என்பார் ஒன்றாம் நம்பர். "துளையை மூடிக்கிட்டு நின்னேன்" என்பார் மூன்றாம் நம்பர். ஐந்தாம் நம்பர் பொட்டலம் சுமந்தவர். ஆறும் ஏழும் எடுத்துக் கொடுத்தவர்கள். கயிற்றை இழுத்தவரோ, "நான் குறியே பாக்கலையே" என்பார். குறி பார்த்த தலைவர், "நான் கயிறைத் தொடவே இல்லை. அதுவும் மேலேயிருந்து வந்த உத்தரவு" என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. அத்தனையும் உண்மை. ஆனால், எதிரே வயல்வெளியில் ஒருத்தன் செத்துக் கிடக்கிறானே... அதுவும் உண்மைதானே?

'தூரத்தில் இருந்தார்கள், செத்தவன் முகம் தெரியாது, அதனால் உறைக்கவில்லை' என்று சமாதானம் சொல்லலாம். அதுவும் பாதிதான் சரி. எதிரி முன்னூறு, நானூறு மீட்டருக்குள் வந்துவிட்டால் குண்டை மாற்றிவிடுவார்கள். ஒரு தகர டப்பா. அதற்குள் 27 இரும்பு உருண்டைகள். பீரங்கி வாயைவிட்டு வந்ததும் டப்பா கிழிந்து, உருண்டைகள் விசிறி மாதிரி விரியும். இன்னும் நெருங்கினால் ஒரே தடவையில் இரண்டு டப்பா. அந்த தூரத்தில் முகம் தெரியும். மீசை முளைக்காத பையன் என்பதுகூடத் தெரியும். அப்போதும் ஒன்றாம் நம்பர் துடைத்தார். இரண்டாம் நம்பர் வைத்தார். மூன்றாம் நம்பர் துளையை மூடினார். ஆக, கொலையைச் சுலபமாக்கியது தூரம் மட்டும் இல்லை. அவரவர் கையில் இருந்த சின்ன வேலை.

இன்னொரு சங்கதி. எட்டுப் பேரில் யாராவது செத்து விழுந்தால்? அதற்கும் பயிற்சிப் புத்தகத்தில் வழி இருந்தது. ஆள் குறையக் குறைய யார் யார் எந்த வேலையைச் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று வரிசையாகக் கொடுத்திருந்தார்கள். கடைசியில் இரண்டே பேர் மிஞ்சினாலும் பீரங்கி சுடும். 'நான் செய்யாவிட்டால் இன்னொருத்தன் செய்யப் போகிறான்' என்று நாம் அடிக்கடி சொல்கிற சாக்கு இருக்கிறதே... பீரங்கிக் குழு அந்தச் சாக்கை வைத்தே அமைக்கப்பட்டது.

சரி, இது கீழ்மட்டத்துக் கதை. மேலே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

1863 ஜூலை 3. பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூர். சண்டையின் மூன்றாவது நாள். தெற்குப் படையின் தளபதி ராபர்ட் இ. லீ ஒரு முடிவு எடுத்தார். முதலில் பீரங்கிகளால் வடக்குப் படையை நொறுக்குவது. பிறகு, ஒன்றேகால் கிலோமீட்டர் திறந்த வயல்வெளியில் சுமார் 12,500 பேரை நடக்கவிட்டு, எதிரே இருக்கும் மேட்டைப் பிடிப்பது. அவருக்குக் கீழே இருந்த ஜெனரல் லாங்ஸ்ட்ரீட்டுக்கு இதில் சுத்தமாக நம்பிக்கை இல்லை. லீயிடம் சொல்லியும் பார்த்தார். லீ கேட்கவில்லை.

அப்போது லாங்ஸ்ட்ரீட் செய்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. பீரங்கிகளுக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் போர்ட்டர் அலெக்சாண்டர் என்ற கர்னலுக்கு ஒரு சீட்டு அனுப்பினார். உங்கள் குண்டுவீச்சில் எதிரி நிலைகுலையவில்லை என்றால், பிக்கெட்டைத் தாக்கப் போகச் சொல்ல வேண்டாம், உங்கள் தீர்மானத்தை நம்பியிருக்கிறேன் என்பது அதன் சாரம். பிக்கெட், காலாட்படையோடு காத்திருந்த ஜெனரல். அலெக்சாண்டருக்கு வயது 28! பல ஆயிரம் பேரின் உயிரை ஒரு துண்டுச் சீட்டில் மடித்து, தனக்குக் கீழே இருக்கிற இளைஞனின் கையில் திணிக்கிறார் ஒரு ஜெனரல்.

அலெக்சாண்டர் புத்திசாலி. வேறு வழி இருந்தால் சுட ஆரம்பிப்பதற்கு முன்பே யோசித்துவிடுங்கள், இருக்கிற குண்டெல்லாம் இதற்கே சரியாகப் போய்விடும் என்று பதில் எழுதினார். மறுபடி ஒரு சீட்டு வந்தது. இவரும் இன்னொரு ஜெனரலிடம் யோசனை கேட்டுவிட்டு, சரியான நேரத்தில் பிக்கெட்டுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று எழுதிவிட்டார். பந்து திரும்பிப் போகவில்லை. அவர் காலடியிலேயே நின்றுவிட்டது.

பகல் ஒரு மணிவாக்கில் 150 பீரங்கிகள் ஒரேயடியாக முழங்க ஆரம்பித்தன. புகை மண்டி எதிரே எதுவும் தெரியவில்லை. குண்டுகளில் பெரும்பாலானவை வடக்குப் படையின் முன்வரிசையைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தன. சுட்டவர்களுக்கு அது தெரியவில்லை. குண்டு தீரப்போகிற நிலைமையில் அலெக்சாண்டர், "சீக்கிரம் வாருங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குத் துணையாகச் சுட முடியாது" என்ற ரீதியில் பிக்கெட்டுக்குச் சீட்டு அனுப்பினார். பிக்கெட் அதை எடுத்துக்கொண்டு லாங்ஸ்ட்ரீட்டிடம் போனார். "புறப்படட்டுமா?" என்று கேட்டார்.

லாங்ஸ்ட்ரீட் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

போனவர்களில் பாதிப் பேருக்கு மேல் செத்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். வடக்குப் படையின் பீரங்கிகள் அவர்களுக்காகவே குண்டை மிச்சம் பிடித்து வைத்திருந்தன. தகர டப்பாக்களையும்தான்.

இப்போது சொல்லுங்கள், அந்தத் தாக்குதலுக்கு உத்தரவு கொடுத்தது யார்? லீ திட்டம் போட்டார், ஆனால் நேரம் குறிக்கவில்லை. லாங்ஸ்ட்ரீட் தலையசைத்தார், ஆனால் சொல்லவில்லை. அலெக்சாண்டர் சீட்டு எழுதினார், ஆனால் அவர் காலாட்படைத் தளபதி இல்லை. பிக்கெட் போனார், ஆனால் கேட்டுவிட்டுத்தான் போனார். அட, இதுவும் ஒரு பீரங்கிக் குழுதான்! ஜெனரல்கள் என்பதால் நம்பர் போட்டுக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

தோற்றுத் திரும்பி வந்த சிப்பாய்களுக்கு எதிரே குதிரையில் போன லீ, இது முழுக்க என் தப்பு என்று அவர்களிடம் சொன்னார். 'எங்கள் மேல் தப்பு' என்றுகூட இல்லை. 'என் தப்பு!' அடுத்த மாதம் ஜனாதிபதிக்கு ராஜினாமாக் கடிதமும் அனுப்பினார். அது ஏற்கப்படவில்லை. அன்றைக்கு வகுத்தல் கணக்கு போடாத ஒரே ஆள் அவர்தான். ஆனால், அவர் பொறுப்பேற்றது தோல்விக்கு மட்டும். தெற்கு எதற்காகப் போரிட்டது? 40 லட்சம் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருக்கும் உரிமைக்காக. அந்தப் பெரிய பேரேடு அன்று மாலை திறக்கப்படவே இல்லை.

லீயின் பீரங்கிப் படைக்குத் தலைமைப் பொறுப்பில் இருந்த பென்டில்டன் ஒரு பாதிரியார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போரின் ஆரம்பத்தில் அவரிடம் நான்கு பீரங்கிகள் இருந்தன. அவற்றுக்கு வைத்த பெயர்கள் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்! மனுஷனுக்கு நம்பர், பீரங்கிக்கு சுவிசேஷப் பெயர். பொறுப்பை எடுத்து ஆண்டவன் தலையிலேயே வைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க முடியாது, பாருங்கள்.

'அப்படிப் பார்த்தால் எல்லாருமே குற்றவாளிதானே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1862-ல் பீரங்கி வார்க்க உலோகம் போதாமல், தெற்கின் தளபதி ஒருவர் தோட்ட முதலாளிகளிடம் மணிகளைத் தானமாகக் கேட்டார். அடிமைகளை வேலைக்குக் கூப்பிட அடித்த மணிகள். முதலாளிகள் கொடுத்தார்கள். ரிச்மண்ட் நகரின் ட்ரெடெகர் ஆலையில் சுமார் 1,100 பீரங்கிகள் வார்க்கப்பட்டன. வேலை செய்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். தங்கள் விலங்கைக் காப்பாற்றும் பீரங்கியைத் தாங்களே வார்த்தார்கள். அதே நகரில், ஆற்றுத் தீவு ஒன்றில் இருந்த வெடிமருந்துக் கூடத்தில் 1863 மார்ச் 13 அன்று விபத்து. நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், சிறுமிகள். வயிற்றுப்பாட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள்.

மணி கொடுத்த முதலாளியும், உலையில் நின்ற அடிமையும், தோட்டா கட்டிய சிறுமியும் ஒரே தராசில் நிற்க முடியுமா? முடியாது. இந்த இடத்தில்தான் என் பி.காம். பாடம் வருகிறது.

1932-ம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். பார்ட்னர்ஷிப் ஆக்ட். லிமிடெட் கம்பெனியில் நீங்கள் பங்கு வாங்கினால், கம்பெனி மூழ்கும்போது உங்கள் பங்குப் பணத்தோடு நஷ்டம் முடிந்தது. பார்ட்னர்ஷிப் அப்படி இல்லை. பிரிவு 25 என்ன சொல்கிறது தெரியுமா? நிறுவனத்தின் செயலுக்கு எல்லாப் பங்காளிகளும் சேர்ந்தும் பொறுப்பு, ஒவ்வொருவரும் தனித்தனியாகவும் பொறுப்பு. எட்டுப் பேர் பார்ட்னர்கள், எட்டு லட்சம் கடன். கடன் கொடுத்தவர் உங்கள் ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டி மொத்த எட்டு லட்சத்தையும் கேட்கலாம். "என் பங்கு ஒரு லட்சம்தான் சார்" என்று அவரிடம் சொல்ல முடியாது. உள்கணக்கை நீங்கள் எட்டுப் பேரும் அப்புறம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாவத்தை லிமிடெட் கம்பெனி ஷேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பார்ட்னர்ஷிப் கடன். வகுபடாது.

ஆனால், யார் பங்காளி என்பதற்கும் சட்டம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. லாபத்தைப் பகிர்ந்துகொள்ளத் தாமாக ஒப்புக்கொண்டவர்தான் பங்காளி. கூலிக்கு வந்தவர் பங்காளி இல்லை. ட்ரெடெகர் அடிமைக்கு லாபமும் இல்லை, மறுக்கிற உரிமையும் இல்லை. தோட்டா கட்டிய சிறுமியும் வெறும் கூலி. மணி கொடுத்தவரோ முழுப் பங்காளி. நடுவில் நிற்கிறார்கள் அந்த எட்டுப் பேர். கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவன் இருப்பான், ஆசையாகச் சேர்ந்தவன் இருப்பான். தண்டனையில் வித்தியாசம் காட்டலாம். ஆனால், 'நான் துடைத்ததோடு சரி' என்ற பதிலை மட்டும் அவர்கள் யாரிடமிருந்தும் ஏற்றுக்கொள்ள முடியாது. எதற்காகத் துடைக்கிறோம் என்பது துடைத்தவருக்குத் தெரியும்.

வடக்குத் தரப்பு பீரங்கிக்காரர்களுக்கும் இதே விதிதான். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அந்த வெற்றியில்லாமல் அடிமைத்தனம் ஒழிந்திருக்காது. ஆனால், செலவு நியாயமானதா என்பது ஒரு கேள்வி, அது யார் பெயரில் எழுதப்பட வேண்டும் என்பது வேறு கேள்வி. நியாயமான செலவையும் பேரேட்டில் எழுதத்தான் வேண்டும்.

அதே சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது பிரிவு 30. மைனர் பையனைப் பற்றியது. அவனைப் பங்காளியாக்க முடியாது. ஆனால், எல்லாப் பங்காளிகளும் சம்மதித்தால் லாபத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். கடனுக்கு அவன் பங்குதான் போகும், அவன் சொந்தச் சொத்தைத் தொட முடியாது. சரி, அவன் மேஜர் ஆனபிறகு? ஆறு மாதம் டைம். தன்னை லாபத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து ஆறு மாதம். அதற்குள், 'நான் பங்காளி இல்லை' என்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் சும்மா இருந்தால், அவன் பங்காளி ஆகிவிடுகிறான். அன்றிலிருந்து இல்லை... லாபத்தில் சேர்த்த முதல் நாளிலிருந்தே அத்தனை கடனுக்கும் பொறுப்பு!

சட்டம் எழுதியவர்கள் மளிகைக் கடையையும் ஜவுளிக் கடையையும் மனசில் வைத்து எழுதியிருப்பார்கள். எனக்கென்னவோ நம் எல்லாரையும் பற்றி எழுதினமாதிரி இருக்கிறது.

வாய்வழி மருந்து கெட்டிக்கும் பீரங்கிகள் மியூசியத்துக்குப் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. குழுக்கள் போகவில்லை. சரியில்லாத கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கிற ஃபைல் ஏழு மேஜை கடக்கிறது. ஒருத்தர் நம்பர் போடுகிறார், ஒருத்தர் சரிபார்த்ததாக டிக் அடிக்கிறார், ஒருத்தர் சீல் குத்துகிறார், கடைசியில் ஒருத்தர் கையெழுத்துப் போடுகிறார். கட்டடம் இடிந்தால், "நான் சீல் மட்டும்தான் குத்தினேன்." வயதானவருக்குப் புரியாத ஒரு திட்டத்தை விற்று அவருடைய சேமிப்பைக் கரைத்த அலுவலகத்திலும் அப்படித்தான். ஒருத்தர் போன் போட்டார், ஒருத்தர் ஃபாரம் நிரப்பினார், ஒருத்தர் கம்ப்யூட்டரில் ஏற்றினார். திருடியது மட்டும் யாரும் இல்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் எழுதுகிற எனக்கும் ஏதோ ஒரு குழுவில் ஒரு நம்பர் இருக்கிறது. ஐந்தாம் நம்பரோ, ஏழாம் நம்பரோ. ரொம்ப நாளாக விவரம் தெரியாமலே லாபத்தில் மட்டும் சேர்க்கப்பட்டிருப்போம். அதில் தப்பில்லை, மைனர்தானே. ஆனால், பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது, அது எங்கே போய் விழுகிறது என்று ஒரு நாள் தெரியவரும். அந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

உங்களுக்கு அந்த நாள் ஏற்கெனவே வந்துவிட்டதா? வந்திருந்தால், ஆறு மாதத்தில் இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது?